அக்காவின் காலை ஒடித்த நோட்டு

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி

என்றும் மரியாதைக்குரிய அக்கா அவர்களின் திருமுன்,

உடன்பிறந்த தம்பி இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் பாப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ சௌக்கியம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நீ சௌக்கியமில்லை என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கே எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

நீ மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் நான் எடுக்கவில்லை. லிஃப்டுக்குள் இருந்தேன், சிக்னல் கிடைக்கவில்லை என்று அத்தானுக்கு ஒரு செய்தி அனுப்பினேன் அல்லவா, அது பொய். போன் என் கையில்தான் இருந்தது. ‘அக்கா’ என்று அது மின்னுவதைப் பார்த்துக்கொண்டே, திருடன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ விட்டுவைத்த குரல் செய்தியை மட்டும் பதினோரு தடவை கேட்டேன். “டேய், என் காலுக்கு என்னடா ஆச்சு? எனக்கே சொல்லாம எப்படா ஒடிஞ்சுது? உங்க அத்தான் அட்டையைப் பாக்குறார், என் காலைப் பாக்குறார், மறுபடியும் அட்டையைப் பாக்குறார். சொல்லித் தொலைடா!” என்று நீ போட்ட சத்தம் இன்னும் காதிலேயே நிற்கிறது.

சொல்கிறேன் அக்கா. எல்லாவற்றையும் சொல்கிறேன். உனக்கு வந்த அந்தக் கொழுத்த உறையில் இருந்த இருபத்தாறு வாழ்த்து அட்டைகளும் பாப்பா வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையால் வரைந்தவை. அத்தான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், பார்த்தேன். ஒன்றில் உன் கால் தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டுத் தொங்குகிறது. ஒன்றில் உனக்கு நாலு டாக்டர். ஒன்றில் உனக்குக் காலே இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தாளில் இடம் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. விலாசம் எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்டிருந்தாய். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. உறவினர் விலாசம் கேட்கிறார்கள் என்கிற அளவுக்குப் புரிந்தது. ஏதோ அவசரத்துக்குக் கூப்பிடத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, நம்பிக்கையான ஆள் நீதானே என்று, உன் விலாசத்தைக் கொட்டை எழுத்தில், தபால் எண் உட்பட, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

இனி முதலிலிருந்து வருகிறேன். நாங்கள் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பாப்பா படிக்கும் பள்ளிக்கூடத்தில் எல்லாமே இங்கிலீஷ். வீட்டில் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிற பிள்ளை, அங்கே போனால் வாயைத் திறப்பதில்லை. அவளைப் போல் இங்கிலீஷ் புதிதாகக் கற்கிற பிள்ளைகளுக்கென்று டீச்சர் ஒரு நோட்டுக் கொடுத்தார். பக்கத்தின் மேல் பாதி வெறுமை, படம் வரைய. கீழ்ப் பாதி கோடு. தினமும் தன் மனதில் இருப்பதை மூன்று நாலு வரி எழுத வேண்டும். வார்த்தை வரவில்லையா, படம் போடலாம். அதுவும் வரவில்லையா, நம் மொழியிலேயே எழுதிவிடலாம். டீச்சர் தப்புத் திருத்தமாட்டார், மதிப்பெண் போடமாட்டார். கீழே தன் கையால் ஒரு பதில் எழுதி, ஒரு கேள்வி கேட்பார். மறுநாள் பிள்ளை அதற்குப் பதில் எழுதலாம். அதாவது நோட்டிலேயே இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் இங்கிலீஷில் சொன்னபோது நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாதான் புரியும்படி சொன்னார். அவரும் நம் பாஷைக்காரர். அவர் மகளும் பாப்பாவும் ஒரே வகுப்பு. “அண்ணே, முக்கியமா ஒண்ணு சொல்றாங்க. வீட்ல யாரும் உதவி பண்ணக் கூடாதாம். புள்ள தானா எழுதணுமாம்” என்றார். நானும் “அதெல்லாம் எதுக்கு நாம உதவப் போறோம்” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். மனதுக்குள், சிவப்பு மை வைத்துக்கொள்ளாத டீச்சரும் ஒரு டீச்சரா, இதில் ஏதோ சூது இருக்கிறது, கடைசியில் மொத்தமாகச் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதல் வாரம் பாப்பா தானாகத்தான் எழுதினாள். பஸ் படம் போட்டு, பஸ்ஸில் போனேன் என்று எழுதியிருக்கிறாள். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். மறுநாள் இவள் ‘யாருமில்லை’ என்று எழுதியிருக்கிறாள். இதை அவள் அவளுடைய அம்மாவுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படியே கை நின்றுவிட்டது. அதற்கடுத்த பக்கத்தில், அப்பா தூங்குகிறார், அம்மா அப்பாவைத் திட்டுகிறார் என்று எழுதி, நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் படமும் போட்டிருந்தாள். நன்றாக வரைந்திருந்தாள், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். என் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லை என்பதும், என் வீட்டில் நடப்பதும் ஊர் பார்க்கும் நோட்டில் ஏறுகிறதே என்று எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கே நோட்டை என் கையில் எடுத்துக்கொண்டேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். லிஃப்ட் பராமரிப்பு. ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டைமாடி மோட்டார் அறையில் ஒரு பதிவேடு தொங்கும். கயிறு பார்த்தேன், பிரேக் பார்த்தேன், கதவு பார்த்தேன், எண்ணெய் போட்டேன், எல்லாம் சரி என்று தேதிவாரியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அந்தப் பன்னிரண்டு வார்த்தைதான். நாங்கள் எல்லோருமே மாதம் பிறந்ததும் முதல் நாளே மாதம் முழுவதற்கும் எழுதி முடித்துவிடுவோம். தப்பாக நினைக்காதே, வேலையைச் செய்யாமல் விட்டதில்லை. எழுதியாகிவிட்டதே என்றாவது போய்ச் செய்துவிடுவோம். இருபது வருடமாக எனக்கு இதில் ஒரு குறையும் வந்ததில்லை. ஆகவே பாப்பாவின் நோட்டையும் அதே முறையில் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவளை உட்கார வைத்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளையும் ஒரே மூச்சில் எழுத வைத்தேன். நான் தமிழில் சொல்ல, போன் அதை இங்கிலீஷாக்க, அவள் பார்த்து எழுதினாள். “ஏங்க, அவ நோட்டை அவ எழுதட்டும். நீங்க போய் உங்க லிஃப்டை எழுதுங்க” என்று என் வீட்டுக்காரி சொல்லத்தான் செய்தாள். கேட்டேனா? கேட்டிருந்தால் இன்று உன் கால் சுகமாக இருந்திருக்கும்.

இதில் நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வந்தது. பாப்பாவுக்குப் பொய் எழுதப் பிடிக்கவில்லை. தேதி போட்டு எழுதியாயிற்று என்றால் அன்றைக்கு அது நடந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். திங்கட்கிழமைப் பக்கத்தில், பூங்காவுக்குப் போனோம், குளத்தில் வாத்துப் பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். அன்று சாயங்காலம் மழை கொட்டுகிறது. குடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், “அப்பா, வாத்து” என்கிறாள். போனோம். குளத்தில் வாத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு புறாவைக் காட்டினேன். “அது வாத்து இல்லப்பா” என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே நின்றாள். எனக்குத் தும்மல் பிடித்தது. செவ்வாய்க்கிழமை, அம்மா சமைக்கும்போது பாட்டுப் பாடினாள் என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரி சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றபடி படுக்கை விரிப்பு இஸ்திரி போட்டுவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். பாப்பா நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, “அம்மா, பாடுங்க” என்றாள். “யாரு எழுதினது இது?” என்றாள் அவள். நான் பல் தேய்க்கப் போனேன், சாயங்காலம் ஆறரை மணிக்கு. பிறகு சமையலறையிலிருந்து ஒரே ஒரு வரி பாட்டுக் கேட்டது. அப்படி ஒரு பாட்டை நீ கேட்டிருக்கமாட்டாய். பாத்திரம் எல்லாம் அடங்கிப் போயிற்று.

புதன்கிழமை, வீட்டுக்கு விருந்தாளி வந்தார், எல்லோரும் பேசிச் சிரித்தோம் என்று இருந்தது. எங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் வர? நான் வேலை பார்க்கிற கட்டடத்து வாட்ச்மேன் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “சார், எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு தெரிஞ்சா...” என்று இழுத்தார். “சும்மா சிரிச்சிட்டுப் போங்க” என்றேன். “எதைப் பாத்து சார்?” என்றார். பாப்பா பென்சிலை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் பயந்துபோய் ஒரு சிரிப்புச் சிரித்தார். அதன் பிறகு அவர் என்னைக் கண்டால் லிஃப்டில் ஏறாமல் படியில் போகிறார்.

இப்படியே நாலு வாரம் ஓடியது அக்கா. டீச்சர் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். நான் அதைப் படிக்கவில்லை. எங்கள் பதிவேட்டில் இன்ஸ்பெக்டர் ஏதாவது எழுதினால் நாங்கள் படிப்பதில்லை, கீழே கையெழுத்துப் போட்டுவிடுவோம், அதுதான் முறை. அதே போல் டீச்சர் எழுதிய ஒவ்வொன்றின் கீழும் நான் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

இனி உன் கால். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் தையல்காரம்மா தன் மகள் நோட்டைக் காட்டினார். அந்தப் பெண் தன் பூனைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு வரி எழுதியிருக்கிறாள். டீச்சர் அரைப் பக்கம் பதில் எழுதியிருக்கிறார். வகுப்பில் வாசித்தும் காட்டினார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இங்கே மழையில் வாத்துத் தேடி அலைகிறேன், எனக்கு ஒரே வரி. ஒரு பூனைக்கு அரைப் பக்கமா? சந்தோஷ சமாசாரம் எடுபடாது, துக்க சமாசாரம் வேண்டும் என்று கண்டுகொண்டேன். யாருக்கு என்ன ஆக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு ஆனால் வேலைக்கு எப்படிப் போவது? என் வீட்டுக்காரிக்கு ஆக்கினால் எனக்கு நிஜமாகவே ஆகிவிடும். நீதான் தூரத்தில் இருக்கிறாய், உடம்பும் திடமான உடம்பு, ஒரு கால் போனாலும் சமாளித்துக்கொள்வாய் என்று தோன்றியது. இதை எழுதும்போது எனக்கே என் முகத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அத்தை மாடிப்படியில் விழுந்துவிட்டாள், கால் ஒடிந்துவிட்டது, எங்களுக்கு மிகவும் துக்கமாக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்குச் சொன்னேன்.

பாப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “அத்தைக்கு ஒண்ணும் ஆகலையேப்பா” என்றாள். “சும்மா எழுதும்மா, பயிற்சிதானே” என்றேன். “அப்போ வெள்ளிக்கிழமை அத்தை விழணுமா?” என்று கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். அழுதுகொண்டே எழுதினாள். ஒரு சொட்டு தாளில் விழுந்து எழுத்துக் கலங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அது இருக்கட்டும், துடைக்காதே, பார்க்க உண்மையாக இருக்கும் என்றேன். அக்கா, நான் மனுஷனா?

டீச்சர் அந்தச் சொட்டைப் பார்த்துத்தான் நம்பிவிட்டார். திங்கட்கிழமை முழுப் பாட வேளையும் நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளையும் பாப்பா மேசையைச் சுற்றி உட்கார வைத்து உனக்கு அட்டை வரைய வைத்திருக்கிறார். அன்றைக்குப் பஸ்ஸில் ஒரு பெண் வந்து பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். தடித்த கண்ணாடி போட்டவள், வீட்டில் கண்ணாடிக்காரி என்றே சொல்லுவோம். அன்றிலிருந்து தினமும் அவள் பாப்பாவுக்கு ஜன்னல் ஓரம் விட்டுக்கொடுத்து, உன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாளாம். எட்டு மாதத்தில் என் பிள்ளைக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் உன் ஒடியாத காலைப் பிடித்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் அந்த இடம் காலியாகிவிடுமே என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கப்புறம் பாப்பா நோட்டைத் திறக்கவே இல்லை. பேனா, பென்சில் எதையும் தொடமாட்டேன் என்றாள். பிடிவாதம் என்று நினைத்து விட்டுவிட்டேன். உன்னோடு பேச வேண்டும் என்று தினமும் கேட்டாள். உன்னோடு பேசினால் என் குட்டு உடைந்துவிடும் என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உனக்கு நான் போன் செய்யாததன் காரணம் இதுதான். இந்த வாரம் நீயாகக் கூப்பிட்டபோதும் நான் போனை எடுக்காமல் ஒளித்து வைப்பதை அவள் கதவருகே நின்று பார்த்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்தில் தையல்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, உங்க பொண்ணு ரெண்டு வாரமா ஒரு வரி எழுதலையாம். டீச்சர் ரொம்பக் கவலைப்படுறாங்க” என்றார். பாப்பாவின் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்து, டீச்சர் எழுதியதை எல்லாம் படித்துச் சொல்லச் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். வாத்து என்ன நிறம்? அம்மா பாடிய பாட்டை எனக்கும் சொல்லித் தருவாயா? விருந்தாளி என்ன சொன்னதும் சிரித்தீர்கள்? நாலு வாரமாக டீச்சர் என் பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் என் கையெழுத்து. தையல்காரம்மா என் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த பக்கம் திருப்பினார். கடைசியில் எல்லாம் வெறும் பக்கம். வெறும் பக்கத்துக்குக் கீழேயும் டீச்சர் விடாமல் எழுதியிருக்கிறார். அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன் என்று ஒரு நாள். இன்று உன்னை நினைத்துக்கொண்டேன் என்று ஒரு நாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது, பஸ் ஒன்று வந்து போனதுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன், ஏம்மா எழுதவில்லை என்று. அவளுடைய அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு, “நான் எழுதினா யாருக்காவது ஏதாவது ஆயிடும்” என்றாள். அக்கா, அவள் நீ நிஜமாகவே விழுந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்! அவள் எழுதியதால்தான் விழுந்தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் நான் போனை எடுக்கவில்லை என்று அவளாகவே கணக்குப் போட்டுவிட்டாள். அத்தை நன்றாக இருக்கிறாள் என்று நான் சத்தியம் செய்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, “இது நடந்ததாப்பா, இல்ல நீங்க சொல்றதா?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரி என்னைத் திட்டக்கூட இல்லை. அவள் திட்டாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் நோட்டு நாள், பெற்றோர் எல்லோரும் வந்து உட்கார, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வாசிக்க வேண்டிய நாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு டாண் என்று போய் நின்றேன். பிள்ளைகள் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். பாப்பாவின் முறை வந்ததும் நானே எழுந்தேன். தையல்காரம்மா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ஒன்று விடாமல் சொன்னேன். பாப்பா மேல் தப்பில்லை, என் அக்காவின் கால் ஒடியவில்லை, எழுதியவன் நான், எனக்கு இங்கிலீஷும் தெரியாது, வெட்கமும் தெரியவில்லை என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். டீச்சர் எழுந்து வந்து, இவ்வளவு தைரியமான அப்பாவை நான் பார்த்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபத்தாறு பிள்ளைகளும் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரி ஓடி வந்து பாப்பாவைக் கட்டிக்கொண்டு, இனிமேலும் உன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்றாள். பாப்பா அங்கேயே நோட்டை வாங்கி ஒரு பக்கம் முழுக்க, தானாக, யாரையும் கேட்காமல் எழுதினாள். வரும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது அக்கா. மனதில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

இத்துடன் முடிக்கிறேன். அத்தானுக்கு என் பணிவான வணக்கம். இனி உன் காலைப் பார்ப்பதை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லவும். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ நூறு வயது நடமாட வேண்டும். உன் வலது காலுக்கும் இடது காலுக்கும் தனித்தனியே என் நமஸ்காரங்கள்.

என்றும் உன் தாழ்மையுள்ள,
தம்பி

பி.கு.: அக்கா, மேலே வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கிறேன். இன்று வியாழன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு நான் இன்னும் போகவில்லை. யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. டீச்சர் கண்ணைத் துடைக்கவில்லை, ஒருத்தரும் கை தட்டவில்லை, வெள்ளைச் சட்டை அழுக்குக் கூடையில் கிடக்கிறது. கைப்பழக்கத்தில் நாளைக்கு நடக்க வேண்டியதை இன்றைக்கே எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் நான் ரொம்ப நல்லவனாகத் தெரிகிறேன், அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பத்தியை மட்டும் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் எப்படிப்பட்டவன் என்று உனக்காவது தெரியட்டும். நாளைக்கு அந்த அறையில் எனக்கு நாக்கு எழுமா என்று சத்தியமாகத் தெரியவில்லை. கண்ணாடிக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டால் பாப்பா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றும் தெரியவில்லை.

ஆனால் பாப்பா இன்னும் ஒரு நாள்கூட அந்தப் பயத்தோடு இருக்கக் கூடாது. தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும் என்பதால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அத்தான் போனுக்கு அனுப்புகிறேன். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடு. நான் எடுக்கமாட்டேன், பாப்பா எடுப்பாள். நீ ‘நல்லா இருக்கேன்’ என்று வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள், அந்த அளவுக்கு அவளை நான் ஆக்கி வைத்திருக்கிறேன். அதனால் ஒன்றும் பேசாதே. செருப்பைப் போட்டுக்கொண்டு, போனைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டு மாடிப்படியில் மேலேயும் கீழேயும் இரண்டு தடவை ஏறி இறங்கு. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கட்டும். நாளை சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டு, அப்பா பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார் என்று அவளைக் கேள். என்னைக் கேட்காதே.